மௌன அஞ்சலி: குன்னூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி வட்டாரத்துப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் போரில் இறந்தவர்களுக்கான நினைவுக் கூட்டம் நடக்கும்போது உதவிக்கு என்னை அழைப்பார்கள். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில்தான் மனதில் இருக்கும் சந்தேகங்கள் வெளியே வரும். பல ஆண்டுகளாக அவை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மௌன அஞ்சலி என்றால் எழுந்து சும்மா நிற்பதுதானே? அதில் செய்வதற்கு என்ன இருக்கிறது?

உடம்புக்கு வேலை குறைவுதான். எழுந்து நிற்க முடிந்தவர்கள் நிற்கலாம், முடியாதவர்கள் உட்கார்ந்திருக்கலாம். குல்லாவையும் மப்ளரையும் கழற்றுவது பலருக்கு வழக்கம். மார்கழிக் குளிரில் வயதானவர்கள் கழற்றாமல் நின்றால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. கைபேசியை அணைத்துவிடுங்கள்.

மனதுக்குத்தான் வேலை அதிகம். "நாட்டுக்காக உயிர் நீத்த அனைவருக்கும்" என்று அறிவித்துவிட்டால் மனம் எங்கே போய் நிற்கும்? நாற்பது விநாடியில் வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்ற யோசனை வந்துவிடும். அதனால் நாங்கள் நடத்தும் கூட்டங்களில், மௌனம் தொடங்கும் முன் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் ஒரு பெயரை எழுதச் சொல்கிறோம். உறவினர் பெயராக இருக்கலாம், செய்தித்தாளில் படித்த பெயராகவும் இருக்கலாம். யாருடைய பெயரும் தெரியாதவருக்கு நாங்களே ஒன்று தருகிறோம். அந்த ஒருவரை நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சீட்டைப் பற்றிக் கீழே சில இடங்களில் மறுபடியும் சொல்வேன்.

ஏன் இரண்டு நிமிடம்? கட்சிக் கூட்டங்களில் ஒரு நிமிடம்தானே நிற்கிறார்கள்?

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918 மே மாதத்தில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் நண்பகல் பீரங்கி வெடித்ததும் ஊரே நின்று மௌனம் காத்தது. தொடக்கத்தில் மூன்று நிமிடமாக இருந்து, பிறகு இரண்டாகக் குறைந்தது. ஒரு நிமிடம் உயிரோடு திரும்பியவர்களுக்கு நன்றியாக, மற்றொரு நிமிடம் திரும்பாதவர்களுக்காக என்று அங்கே கணக்கு. போர் நிறுத்தம் 1918 நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்கு நடப்புக்கு வந்தது. அதன் முதல் ஆண்டு நிறைவில், கேப் டவுன் வழக்கத்தைப் பார்த்திருந்த பெர்சி ஃபிட்ஸ்பேட்ரிக் கொடுத்த யோசனையின்படி, பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் இரண்டு நிமிடம் நிற்கும்படி மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கேட்டுக்கொண்டார். அதே 1919 இல் எட்வர்ட் ஹனி என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஐந்து நிமிட மௌனம் வேண்டும் என்று லண்டன் நாளிதழ் ஒன்றுக்கு எழுதியிருந்தார்.

ஒரு நிமிடம் நிற்பது தவறே இல்லை. ஆனால் என் அனுபவத்தில் முதல் நிமிடம் இருமலிலும் செருப்புச் சத்தத்திலும் கழிந்துவிடுகிறது. இரண்டாவது நிமிடத்தில்தான் அறை உண்மையாக அடங்குகிறது. முடிந்தால் இரண்டு நிமிடமே வையுங்கள்.

எந்த நாளில் நிற்க வேண்டும்? ஆளுக்கொரு தேதி சொல்கிறார்களே?

ஒவ்வொரு தேதிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஜனவரி 30 காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட நாள். விடுதலைப் போராட்டத்தில் உயிர் கொடுத்தவர்களுக்காக அன்று காலை 11 மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம். சங்கு வசதி இருக்கும் இடங்களில் 10.59 முதல் 11 வரை ஒருமுறையும், முடிந்ததற்கு அடையாளமாக 11.02 முதல் 11.03 வரை மறுமுறையும் ஊத வேண்டும் என்பது அரசின் அறிவுரை. ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், டிசம்பர் 16 1971 போரின் வெற்றி நாள். அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள்; 1959 இல் லடாக்கில் சீனப் படையினரால் கொல்லப்பட்ட பத்துக் காவலர்களை முன்னிட்டு வந்தது. நவம்பர் 11 ஐ, அல்லது அந்த மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை, உலகப் போர்களில் இறந்தவர்களுக்காகப் பல நாடுகள் வைத்திருக்கின்றன.

டிசம்பர் 7 கொடிநாள். அது மௌனத்துக்கான நாளன்று, உண்டியலுக்கான நாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

சங்கு ஊதும்போது மேட்டுப்பாளையம் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டுமா?

கொண்டை ஊசி வளைவிலோ பனிமூட்டத்திலோ தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் லாரிக்கு உங்கள் அஞ்சலி தெரியாது. அகலமான இடம் வரும் வரை போய், ஓரமாக நிறுத்தி, அப்போது இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்குப் பதில் 11.20 ஆனால் குறைவு ஒன்றும் இல்லை.

தோட்டத்தில் இலை பறிக்கும் நேரத்தில் எல்லோரும் நின்றுவிட்டால் எங்கள் கிலோ என்ன ஆகும்?

நியாயமான கேள்வி. அன்றைய எடையை நம்பி இருப்பவரிடம் போய் நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தொழிலாளர்களே கண்டுபிடித்த ஒரு வழியைப் பார்த்திருக்கிறேன். இலை நிறுக்கும் இடத்தில் வரிசை கூடியதும், முதல் பை தராசில் ஏறும் முன் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் யாருக்கும் கூலி குறையாது.

அங்கே நான் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. முதுகுப் பையின் பட்டையை நெற்றியிலிருந்து இறக்காமலேயே பெண்கள் நின்றார்கள். இறக்கினால் மறுபடி ஏற்ற இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். பச்சைக் கறை பிடித்த விரல்களைக் கோர்த்துக்கொண்டு, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நின்றார்கள். மேஸ்திரி நேரம் பார்த்துச் சொன்னதும் தராசுக்காரர் முதல் பையை வாங்கினார். பேச்சு இல்லை, மாலை இல்லை. நான் கலந்துகொண்ட பெரிய மேடை விழாக்களைவிட அது செம்மையாக இருந்தது.

நம் வீட்டில் சாவு விழுந்தால் வாய்விட்டு அழுவோம், பறை அடிப்போம். வாயை மூடிக்கொண்டு நிற்பது என்ன மரியாதை?

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். நம் ஊரில் துக்கம் என்பது சத்தம்தான். ஒப்பாரி உண்டு, பறை உண்டு. படுகர் ஊர்களிலும் சாவுக்கு இசை உண்டு; ஒரு காலத்தில் கோத்தர்கள் வந்து வாசிப்பார்கள். இழவு வீட்டில் அழாமல் நிற்பவரைத்தான் நாம் சந்தேகத்தோடு பார்ப்போம்.

ஆனால் ஒப்பாரி யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். இறந்தவரோடு வாழ்ந்தவள் பாடுவது அது. அவர் என்ன சாப்பிடுவார், எப்படி நடப்பார், யாரை எப்படிக் கூப்பிடுவார் என்று தெரிந்தவளுக்குத்தான் பாட வாய் வரும். எங்கோ மெசபடோமியாவிலோ பர்மாவிலோ பனிமலையிலோ இறந்து, உடம்பும் வராமல் போன ஒருவருக்காக, அவரை ஒரு நாளும் பார்த்திராத நூறு பேர் கூடும்போது, அந்த ஒப்பாரியைப் பாட நமக்கு உரிமை இல்லை. தெரியாதவர் சாவு வீட்டுக்குப் போனால் வாசலில் பேசாமல் தலை குனிந்து நிற்போமே, அந்த மரியாதைதான் இது.

நம்மிடமே இதற்குப் பழைய முறை ஒன்று இருந்தது. போரில் விழுந்தவனுக்கு நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது: கல்லைக் காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. அந்தக் கல்லில் அவன் பெயரையும் பெருமையையும் எழுதி மயிற்பீலி சூட்டினார்கள் என்று சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பெயர்தான். பெயர் இல்லாத கல்லுக்கு யார் பீலி சூட்டுவார்கள்? நாங்கள் சீட்டில் பெயர் எழுதச் சொல்வதும் அதனால்தான்.

வீட்டார் கூட்டத்தில் இருந்து, அழுகை வந்தால், அழட்டும். மௌனம் கெட்டது என்று யாராவது திரும்பிப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பள்ளியில் நிற்க வைத்தால் பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள், டீச்சர். அடிக்கவா முடியும்?

அடிக்க வேண்டாம், அதட்டவும் வேண்டாம். அமைதியாக இரு என்றால் சிரிப்பு வருவது பிள்ளையின் இயல்பு. ஏன் நிற்கிறோம் என்று சொல்லாமல் நிற்க வைப்பதுதான் பெரியவர்கள் செய்யும் பிழை. முந்தின நாள் ஒரே ஒருவரின் கதையைச் சொல்லுங்கள்.

நான் பெரும்பாலும் சுபேதார் சுப்பிரமணியனைச் சொல்வேன். தமிழ்நாட்டுக்காரர், மதராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படைப் பிரிவில் இருந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில், காயமடைந்தவர்களை மீட்கக் கண்ணிவெடி நிலத்துக்குள் வழி ஏற்படுத்திப் போனபோது, கண்ணிவெடி ஒன்று கிளம்பிவிட்டது. மற்றவர்களைக் காப்பாற்றத் தன் உடம்பையே அதன்மேல் போட்டார். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தார்கள். அது அவர் இறந்த பிறகு கிடைத்தது. இதைக் கேட்ட பிள்ளைகள் மறுநாள் தாமாகவே அடங்கி நிற்கிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை நிற்க வைக்காமல் விடுவதே நல்லது.

வெலிங்டன் முகாமில் எப்படிச் செய்கிறார்கள்? நாங்கள் போய்ப் பார்க்கலாமா?

வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் மையமும் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் இருக்கின்றன. ரெஜிமெண்டின் போர் நினைவுச் சின்னம் முகாமுக்குள் இருப்பதால் அனுமதி பெற்றுத்தான் போக முடியும். நிகழ்ச்சி நாளில் கேட்டுப் பார்க்காமல் வாயிலில் போய் நிற்காதீர்கள்.

ராணுவ முறை இதுதான். மலர் வளையம் வைத்த பிறகு "சோக் சஸ்த்ர" என்ற ஆணை வரும். வீரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாக்கி, குழல் முனை இடது பூட்ஸின் மேல் இருக்கும்படி ஊன்றி, அடிக்கட்டையின் மேல் இரு உள்ளங்கைகளையும் வைத்துத் தலை குனிவார்கள். சுடும் முனை மண்ணைப் பார்க்கும். பிகிள் ஊதுபவர் லாஸ்ட் போஸ்ட் இசைப்பார், பிறகு மௌனம், அதன்பின் எழுப்பும் இசை. முகாமில் நாளின் வேலை முடிந்ததை அறிவித்த அழைப்புதான் லாஸ்ட் போஸ்ட். இறந்தவருக்கு அதை ஊதும்போது அவருடைய காவல் முறை முடிந்தது என்று பொருள். காற்று வாக்காக இருந்தால் பிகிள் ஓசை கீழே சாலை வரை வரும். கேட்டால் அங்கேயே நில்லுங்கள். அதற்கு அனுமதி வேண்டாம்.

நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தவர்கள் போரில் இறக்கவில்லையே. அவர்களுக்கும் இதே அஞ்சலியா?

2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். பலத்த தீக்காயத்தோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 15 அன்று இறந்தார். பணியில் இருந்தபோது இறந்தவர்களும் அஞ்சலிக்கு உரியவர்களே. போர்முனைக்குப் போகும் வழியில், பயிற்சியில், நோயில் இறந்தவர்களும் உலகப் போர் நினைவுச் சின்னங்களில் இருக்கிறார்கள். எப்படி இறந்தார் என்று தரம் பிரிக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை.

நம் மாவட்டத்துக்கு இதில் தனிப் பங்கு உண்டு. நஞ்சப்பசத்திரத்து மக்கள்தான் முதலில் ஓடினார்கள், குடத்தில் தண்ணீர் கொண்டுபோனார்கள், வீட்டுப் போர்வைகளைக் கொடுத்தார்கள். மறுநாள் உடல்களைச் சூலூருக்குக் கொண்டுபோன வாகனங்களின் மேல் சாலையோரத்தில் நின்றவர்கள் பூத்தூவினார்கள். யாரும் அவர்களை அழைத்துவந்து நிறுத்தவில்லை. மௌன அஞ்சலி என்றால் என்ன என்று நீலகிரிக்காரர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை என்று எனக்கு அன்று தோன்றியது.

வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டுச் செத்தவர்களுக்காக நாம் ஏன் தலை குனிய வேண்டும்?

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனார்கள். 74,000 பேர் வரை இறந்தார்கள். இரண்டாவது போரில் 25 லட்சம் பேர் சேர்ந்தார்கள்; இறந்தவர்கள் ஏறத்தாழ 87,000 பேர். முதல் போரில் சிப்பாயின் சம்பளம் மாதம் 11 ரூபாய். மழை பொய்த்த ஊரில், சாதியின் பெயரால் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட வீட்டில், அந்த 11 ரூபாய் என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கடற்கரையில் இறக்கிவிடப்பட்ட படைகளில் பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய பிரிவும் இருந்தது. டாங்கா எங்கே இருக்கிறது, ஜெர்மானியரோடு தமக்கு என்ன பகை என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பேரரசு செய்த முடிவுக்கு அவர்களைப் பொறுப்பாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நாம் தலை குனிவது பேரரசுக்கு அல்ல. சொல்லப்போனால் அந்தப் பேரரசு அவர்களைச் சரியாக நினைக்கவும் இல்லை. இறந்தவர்கள் எல்லோரையும் சமமாக நினைவுகூருவது என்ற கொள்கையோடு 1917 இல் தொடங்கியது, இன்று காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் என்று அழைக்கப்படும் அமைப்பு. முதல் உலகப் போரில் இறந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்று அதே ஆணையம் 2021 இல் வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். ஐரோப்பியருக்குத் தனித்தனிக் கல், நம் ஆளுக்கு மொத்தமாக ஒரு சுவர், சில இடங்களில் வெறும் எண்ணிக்கை. அவர்களுக்கு மிச்சம் இருப்பது நம்முடைய இரண்டு நிமிடம்தான்.

அப்படியென்றால் நேதாஜி படையில் இறந்தவர்கள்? அவர்கள் எதிர்ப்பக்கம் நின்றவர்கள் ஆயிற்றே?

1944 இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் இந்தியரும் இந்தியரும் எதிரெதிராக நின்றார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். ஒரே ஊரின் பிள்ளைகள் இரண்டு பக்கமும் இருந்திருக்கலாம். இரண்டு பெயரையும் ஒரே கூட்டத்தில் வாசிக்கலாம், நாங்கள் வாசிக்கிறோம். யார் செய்தது சரி என்று பேசுவதற்கு வேறு மேடைகள் இருக்கின்றன. இந்த இரண்டு நிமிடத்தில் அந்த வழக்கைத் தீர்க்க வேண்டியதில்லை.

சீருடையே போடாதவர்களையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். 1942-43 இல் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில், மலேயாவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். அங்கே இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் மக்களில் மிகப் பலர் புதைந்த இடமே தெரியாது.

எதிரி நாட்டுச் சிப்பாயையும் நினைக்கலாமா? கேட்டால் தேசத் துரோகி என்பார்கள்.

இதற்குப் பதிலை ராணுவத்தாரே சொல்லியிருக்கிறார்கள். கார்கில் போரில் பாகிஸ்தான் வாங்க மறுத்த உடல்களை இந்திய ராணுவம் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தது. டைகர் மலையில் விழுந்த பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கானின் (கர்னல் என்பது பதவி அல்ல, அவர் பெயரின் பகுதி) உடலைத் திருப்பி அனுப்பும்போது, அவர் வீரமாகப் போரிட்டார் என்று ஒரு குறிப்பை எழுதிச் சட்டைப்பையில் வைத்தனுப்பினார் அவரை எதிர்த்து நின்ற இந்திய பிரிகேடியர். ஷேர் கானுக்கு அவர் நாட்டின் மிக உயர்ந்த வீர விருது கிடைத்தது. துப்பாக்கி முனையில் நின்றவர்களுக்கு இல்லாத வெறுப்பு, மேடையில் நிற்கும் நமக்கு எதற்கு?

நான் போரே கூடாது என்பவன். எழுந்து நின்றால் போரை ஆதரிப்பதாக ஆகாதா?

ஆகாது. முதல் உலகப் போரில் கணவனையும் பிள்ளையையும் இழந்த பெண்கள் பலர் இருந்த கூட்டுறவுப் பெண்கள் சங்கம் ஒன்று 1933 இல் பிரிட்டனில் நினைவு நாளில் சட்டையில் குத்திக்கொள்ளும் வெள்ளைப் பாப்பிப் பூவைக் கொண்டுவந்தது. இறந்தவர்களை நினைப்போம், இன்னொரு போர் வேண்டாம் என்பது அதன் பொருள். அவர்களும் மௌனம் காத்தார்கள்.

நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மௌனத்துக்கு முன்போ பின்போ பழிவாங்கும் பேச்சு வேண்டாம். முழக்கம் எழுப்ப விரும்பினால் "வீர வணக்கம்" போதும், அதுவும் மௌனம் முழுதாக முடிந்த பிறகு. அப்படி நடத்தினால் உங்களைப் போன்றவர்கள் தயங்காமல் வருவார்கள்.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அமைதிப்படைக்கு அஞ்சலி என்றால் எனக்கு நிற்க மனம் வரவில்லை. என் தம்பிக்கு யார் நின்றார்கள்?

அக்கா, இதற்கு என்னிடம் எளிய பதில் கிடையாது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் வந்தவர்களும், கலவரங்களுக்குப் பிறகு வந்தவர்களும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் நம்மோடு வாழ்கிறார்கள். மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய அவர்களின் உறவினர்கள் பின்னால் போரின் நடுவே அகப்பட்டுக்கொண்டார்கள். 2009 மே மாதத்தோடு செய்தி நின்றுபோன குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. இன்னொரு பக்கம், 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். 1987 நவம்பர் 25 அன்று இறந்து பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் தமிழர்தான்.

நிற்க மனம் வராவிட்டால் நிற்க வேண்டாம். கட்டாயப்படுத்தி வாங்கும் மௌனத்துக்கு மதிப்பில்லை. ஆனால் உங்கள் தம்பியின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், அதையும் வாசிப்போம் என்றுதான் சொல்வேன். எங்கள் கூட்டம் ஒன்றில் அமைதிப்படையில் இருந்த ஓய்வுபெற்ற நாயக் ஒருவரும், தம்பியை இழந்த ஒரு தோட்டத் தொழிலாளியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தன்னோடு இருந்த ஒரு சிப்பாயின் பெயரை எழுதினார். அந்த அம்மாவுக்கு எழுத வராது. பேனாவை அவரிடமே நீட்டினார். அவர் கேட்டுக் கேட்டு, ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதினார். பிறகு இருவரும் எழுந்து நின்றார்கள். அதற்குமேல் அங்கே சமாதானம் ஒன்றும் நடந்துவிடவில்லை, நடக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நின்று போட்டோ எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இதனால் இறந்தவர் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது?

மௌனம் நடக்கும்போது படம் எடுப்பதை நாங்கள் அனுமதிப்பதில்லை. குடும்பத்துக்குக் கிடைப்பது என்ன என்றால், அவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் சின்னச் சின்ன உதவிதான். ஓய்வூதிய ஆவணத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கும். திருத்த அலைய வேண்டும். பிள்ளையின் கல்வி உதவிக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். இவற்றுக்கென்று ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மலைக் கிராமத்தில் இருக்கும் வயதான தாய்க்கு ஊட்டி வரை பஸ் ஏறிப் போய்வருவதே ஒரு நாள் பாடு. கூட யாராவது போனால் போதும்.

மேலே சொன்ன டிசம்பர் 7 இங்கேதான் வருகிறது. 1949 முதல் நடக்கும் கொடிநாள் வசூல் படைவீரர் குடும்பங்களுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் போகிறது. ஜூலையில் இரண்டு நிமிடம் நின்றவர் டிசம்பரில் உண்டியலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது.

என் தாத்தா பர்மா யுத்தத்தில் இறந்தார் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். கல்லறை கிடையாது. பெயரை எங்கே தேடுவது?

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பெயர்களைக் கட்டணம் இல்லாமல் தேடலாம். எரியூட்டப்பட்டவர்களுக்குக் கல்லறை இருக்காது. பெயர் மட்டும் ஒரு நினைவுச் சுவரில் இருக்கும். இத்தாலியின் சாங்ரோ ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்தில் எரியூட்டப்பட்ட இந்தியர்களுக்கென்றே தனி நினைவுச் சின்னம் உண்டு. சென்னையில் நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தையும் அதே ஆணையம்தான் பராமரிக்கிறது. 1947 க்குப் பிறகு இறந்தவர் என்றால் டெல்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் தேடுங்கள். 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டபோது அதன் சுவர்களில் 25,942 பெயர்கள் இருந்தன. அமைதிப்படையினர் பெயர்களும் அங்கே உண்டு. அவற்றையும் இணையத்தில் பார்க்க முடியும்.

தேடும்போது பொறுமை வேண்டும். நம் பெயர்களை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முத்துசாமி என்பதை நான்கைந்து விதமாக எழுதிப் பாருங்கள். முன்னெழுத்து இருக்காது; "இன்னாரின் மகன்" என்று தகப்பன் பெயரும், சில சமயம் ஊரும் மாவட்டமும் இருக்கும். நீலகிரி என்று கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் என்று தேடுங்கள். சிப்பாய்ப் பட்டியலில் இல்லை என்றால் பயனியர் படை, சுமை தூக்கும் பிரிவு, மருத்துவமனைப் பணியாளர் என்று பாருங்கள். நம் பக்கத்திலிருந்து போனவர்களில் பலர் துப்பாக்கி பிடித்தவர்கள் அல்ல. வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கமாக இருந்தால் எண்ணும் பெயரும் பிரிவும் பெரும்பாலும் அங்கே பொறித்திருக்கும். இரண்டாவது போரின் பதக்கங்களிலும் இந்தியப் படையினருக்குப் பெயர் பொறித்தே கொடுத்தார்கள். அந்த எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெயர் கிடைத்ததும் அடுத்த கூட்டத்துக்கு முன் எங்களிடம் எழுதிக் கொடுங்கள், வாசிக்கிறோம்.